ரெஸ்ஸா, காலேஜா? விடுதிப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம்: மகள் அடுத்த ஆண்டு மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், மக்காண்டாவிலுள்ள (பழைய கிரஹாம்ஸ்டவுன்) ரோட்ஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் பட்டியலில் உள்ளன. பள்ளி ஆசிரியை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜைச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி மெல்பேர்னைச் சொல்கிறார். அங்கெல்லாம் 'ரெசிடென்ஷியல் காலேஜ்' என்கிறார்கள், இங்கே பல்கலைக்கழக விடுதியை 'ரெஸ்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அவ்வளவு பணம் கொட்டுவது தகுமா? வீட்டிலிருந்தே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய்ப் படித்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வாசல் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. காலேஜ் என்ற பெயரில் கட்டிலும் மேசையும் மட்டும் தருகிற இடங்கள் உண்டு. ரெஸ் என்று சொல்லிக்கொண்டே முழுக் காலேஜ் வாழ்க்கை நடத்துகிற இடங்களும் உண்டு. நான்கு கேள்வி கேட்டால் விஷயம் தெளிந்துவிடும். மாணவரைச் சேர்த்துக்கொள்வதில் அந்த இல்லத்துக்குப் பங்கு இருக்கிறதா? அங்கே ஆசிரியர் யாராவது குடியிருந்து படிப்பில் கைகொடுக்கிறார்களா? எல்லோருக்கும் சாப்பாடு ஒரே கூடத்திலா? முதல் வருடம் முடிந்த பிறகும் இருக்க விடுவார்களா? பெற்றோர் முதல் மூன்றை எப்படியாவது கேட்டுவிடுகிறார்கள், நான்காவதை மறந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் அதுதான் கனமான கேள்வி. முதல் வருடப் பெண்ணும் மூன்றாம் வருடப் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் எந்தப் பாடத்தில் எங்கே வழுக்கும், பர்சரிக்கு (படிப்பு உதவித்தொகைக்கு) எந்த மாதம் எழுத வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் காதில் விழும். முதல் வருடத்தோடு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிற இடத்தில் இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்தான் மற்றவற்றுக்கெல்லாம் மூலம். ஆக்ஸ்ஃபோர்டில் யூனிவர்சிட்டி காலேஜ், பேலியல், மெர்ட்டன் மூன்றும் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் 1284இல் வந்தது. கேம்பிரிட்ஜில் இப்போது 31 காலேஜ்கள். அங்கே காலேஜ் என்பது தனக்கென்று சொத்தும் நிர்வாகமும் உள்ள தனி அமைப்பு. இளநிலை மாணவரைத் தேர்ந்தெடுப்பது காலேஜ். ஒருவர், இருவர், மூவராக உட்காரவைத்து வாராவாரம் கட்டுரையையோ கணக்கையோ அலசுவதும் காலேஜ் ஏற்பாடு. ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கு டியூட்டோரியல் என்றும் கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன் என்றும் பெயர். விரிவுரை, ஆய்வுக்கூடம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். ஆகவே 'எந்தக் காலேஜ் பட்டம் பெரிது' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பட்டம் ஒன்றுதான். உங்கள் மகளின் பாடம் அந்தக் காலேஜில் உண்டா, மூன்று வருடமும் அறை தருவார்களா, சமையலறை இருக்கிறதா, இவைதான் பார்க்க வேண்டியவை. எதையும் தேர்ந்தெடுக்காமல் பொதுவாகவும் விண்ணப்பிக்கலாம், அப்போது அவர்களே ஒரு காலேஜுக்கு ஒதுக்குவார்கள். கேட்ட காலேஜில் இடமில்லாமல் வேறொரு காலேஜ் எடுத்துக்கொள்வதும் சாதாரணம். கேம்பிரிட்ஜில் அதற்கென்றே ஜனவரியில் ஒரு பொதுப் பட்டியல் சுற்றுக்கு விடுவார்கள்.

நம் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுவது தேதியில்தான். இரண்டுக்கும் விண்ணப்பக் கெடு அக்டோபர் 15. ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். பல பாடங்களுக்குரிய நுழைவுத் தேர்வும் அக்டோபரில் வருகிறது. நமக்கு மெட்ரிக் இறுதித் தேர்வு சூடுபிடிக்கும் நேரம் அது. நேர்காணல் டிசம்பரில், மெட்ரிக் முடிவோ அடுத்த ஜனவரியில். அங்கே வகுப்பு அக்டோபரில் தொடங்குவதால் நடுவே ஒன்பது மாதம் சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முயல்வதைவிட, மெட்ரிக்கை நன்றாக எழுதி முடித்து, கையில் மதிப்பெண்ணோடு அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பது பல பிள்ளைகளுக்கு நல்லது.

பணக் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு இளநிலை மாணவர் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேலே காலேஜ் கட்டணம் என்று தனியாகக் கட்ட வேண்டும், அது காலேஜுக்குக் காலேஜ் மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் திறந்து முதல் வரியை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். அடுத்தது வாரக் கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டு பருவம் எட்டு வாரம்தான், ஆண்டுக்கு மூன்று பருவம். சில காலேஜ்களில் பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும். சிலவற்றில் ஒன்பது மாதத்துக்கும் சேர்த்தே ஒப்பந்தம். டிசம்பரில் டர்பனுக்கு விமானம் ஏறப் போகிறவளுக்கு முதல் வகை பரவாயில்லை. ஈஸ்டருக்கு வர முடியாது என்றால், அந்த ஐந்தாறு வாரம் எங்கே தங்குவாள், பெட்டிகளை எங்கே வைப்பாள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே இங்கிலாந்தில் டர்ஹம் வேறு வகை. 17 காலேஜ், அவற்றில் ஒன்று பழைய கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பாடம் நடத்துவது துறைகள், காலேஜ் அல்ல. தங்குவது, சாப்பிடுவது, விளையாடுவது, மனம் கலங்கினால் பேச ஒருவர், அதோடு சரி. பெரும்பாலோர் முதல் வருடத்துக்குப் பிறகு ஊருக்குள் வாடகை வீட்டுக்குப் போய்விடுவார்கள், காலேஜ் உறுப்பினர் என்ற உரிமை மட்டும் தொடரும்.

அமெரிக்காவில் இதைப் பிறகுதான் கொண்டுவந்தார்கள். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தரின் கொடையில் ஹார்வர்டின் ஹவுஸ்கள் 1930இலும், யேலின் காலேஜ்கள் 1933இலும் திறந்தன. ஹார்வர்டில் முதல் வருடத்தினர் தனியாக ஒரு முற்றத்தைச் சுற்றித் தங்கி, அடுத்த வருடம்தான் 12 ஹவுஸ்களில் ஒன்றுக்குக் குலுக்கலில் போகிறார்கள். நண்பர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒரே ஹவுஸுக்குப் போகலாம், எந்த ஹவுஸ் என்பது அவர்கள் கையில் இல்லை. யேலில் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே 14 காலேஜ்களில் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும், நான்கு ஆண்டும் அதுதான். ஒவ்வொரு காலேஜுக்கும் தலைவர் ஒருவர், படிப்பு விவகாரங்களுக்கு டீன் ஒருவர், இருவரும் அங்கேயே குடியிருப்பார்கள். காய்ச்சலில் கட்டுரை தாமதமானால் எந்த அலுவலக வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டாம், மாடிப்படி இறங்கி டீனிடம் சொன்னால் போதும். குலுக்கல் என்பதால் 'நல்ல காலேஜ்' பிடிக்கும் போட்டியும் கிடையாது. எனக்குப் பிடித்த முறை இதுதான். மேலும், இவ்விரண்டும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து வெளிநாட்டு மாணவருக்கும் உதவித்தொகை தருகின்றன. இங்கிலாந்தில் இளநிலைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம்.

சித்தி சொல்லும் மெல்பேர்னில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே டிரினிட்டி, ஓர்மண்ட் போன்ற காலேஜ்கள் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருந்தாலும் தனி நிறுவனங்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் காலேஜில் அறை கிடைக்காது. தனி விண்ணப்பம், தனி நேர்காணல், தனிக் கட்டணம். மூன்று வேளைச் சாப்பாடும் மாலைநேரத் துணை வகுப்பும் சேர்ந்த கட்டணம் என்பதால் தொகை பெரிதாகவே இருக்கும். வகுப்பு நம்மைப் போலவே பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவதால் ஒன்பது மாத இடைவெளி இல்லை. ஊறுகாய், கறிவேப்பிலை, நெய்யைப் பெட்டியில் திணித்து அனுப்பாதீர்கள். ஆஸ்திரேலியச் சுங்கத்தில் உணவுப்பொருள் எதுவானாலும் எழுதிக்கொடுக்க வேண்டும், மறைத்தால் அபராதம். மளிகைக் கடை அங்கேயே தாராளமாக இருக்கிறது. தமிழ்ச் சூழல் வேண்டும் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தையும் எண்ணிப் பார்க்கலாம். டெம்புசு போன்ற அதன் காலேஜ்களில் தங்குபவர் காலேஜுக்குள்ளேயே சில பாடங்கள் எடுப்பார், அவை பட்டக் கணக்கிலும் சேரும்.

இனி நம் நாடு.

சேர்க்கையில் விடுதிக்குப் பங்கு இல்லை என்பதைத் தவிர, ரோட்ஸ் கிட்டத்தட்டக் காலேஜ் முறையேதான். பல இல்லங்களைச் சேர்த்து ஒரு 'ஹால்'. ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு வார்டன், ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு வார்டன், அவர்களுக்குக் கீழே மூத்த மாணவர்கள் சப்-வார்டனாக. ஹாலுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம். மக்காண்டா சிறிய ஊர் என்பதால் மாணவர் வாழ்க்கையே வளாகத்தைச் சுற்றித்தான். கேப் டவுனில் அடுக்கு முறை: முதல் அடுக்கு சாப்பாட்டோடு, பெரும்பாலும் புதியவர்களுக்கு, இரண்டாம் அடுக்கு சொந்தச் சமையல், மூத்த மாணவர்களுக்கு, மூன்றாம் அடுக்கு முதுநிலைக்கும் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும். நான் மேலே சொன்ன 'ஒரே மேசை' இதனால் கொஞ்சம் அடிபடுகிறது. ஸ்டெல்லன்போஷில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. விடுதியில் இடம் கிடைக்காமல் வீட்டிலிருந்தும் வாடகை அறையிலிருந்தும் வருகிறவர்களையும் குழுக்களாகப் பிரித்து, அருகிலுள்ள விடுதிகளோடு தொகுதியாக இணைத்திருக்கிறார்கள். அறை இல்லாதவருக்கும் சேர்ந்து இருக்க ஓர் இடம், வழிகாட்ட மூத்தவர், விளையாட ஓர் அணி.

வீட்டிலிருந்தே போனால் போதாதா என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழப் பதிந்திருப்பதற்கு வரலாறு உண்டு. இந்தியருக்கென்று 1961இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதை டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கொட்டகைகளில் வைத்தார்கள். பிள்ளைகள் படகில் போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பினார்கள். 70களில் வெஸ்ட்வில் வளாகம் வந்தபோதும் பலருக்குப் பஸ்ஸில் போய்வருவதே வழக்கம். நேட்டால் பல்கலைக்கழகத்தில் வெள்ளையரல்லாத மருத்துவ மாணவர்களுக்கு வென்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில், ஆலன் டெய்லர் விடுதி. பின்னாளில் கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தை வழிநடத்திய ஸ்டீவ் பீக்கோ தங்கியது அங்கேதான். 1967 ஜூலையில் ரோட்ஸில் தேசிய மாணவர் சங்க மாநாடு நடந்தபோது கறுப்புப் பிரதிநிதிகளுக்குப் பல்கலைக்கழகம் விடுதியில் இடம் தர மறுத்தது. அந்த அவமானமும் சேர்ந்துதான் பீக்கோவும் தோழர்களும் 1969இல் தனி மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள். டர்பனிலிருந்து ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்றவர்கள் அந்த இயக்கத்தில் முன்னின்றார்கள். இந்த நாட்டில் யார் எங்கே படுத்து உறங்கலாம் என்பதே அரசியலாக இருந்தது. அந்தக் கதவு திறந்த பிறகும், தூரம் அதிகம், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நாமே அதை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம், கூட்டல் கழித்தலோடு. சாப்பாட்டோடு ஆண்டுக்கு 95,000 ரேண்ட், சாப்பாடில்லாமல் 70,000 என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 25,000. பாடமும் தேர்வும் நடக்கும் வாரங்கள் சுமார் 32 என்றால் வாரத்துக்கு 781 ரேண்ட். மகள் வாரத்தில் 15 வேளை கூடத்தில் சாப்பிட்டால் ஒரு வேளை 52 ரேண்ட், லாபம். காலையில் எழாமல், மாலையில் நண்பர்களோடு வெளியே போய், 8 வேளை மட்டும் சாப்பிட்டால் ஒரு வேளை 98 ரேண்ட்; அந்தக் காசுக்கு வெளியிலேயே நன்றாகச் சாப்பிடலாம். அவள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். சைவமா, முட்டை சேருமா, ஹலாலா என்பதைப் பதிவு செய்யும்போதே குறிக்க வேண்டும். சில இடங்களில் ஒவ்வொரு வேளையையும் முன்பதிவு செய்யாவிட்டால் தட்டு கிடைக்காது. புரட்டாசி விரதம் பிடிக்கிறவர்கள் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சைவத்துக்கு மாற்றித் தரும்படி ஆகஸ்டு கடைசியிலேயே எழுதிவிடட்டும். புரட்டாசி முதல் தேதி போய் நின்றால் சமையலறையில் கணக்கு முடிந்திருக்கும்.

தைப்பூசக் காவடிக்கும் இதே போல முன்யோசனை வேண்டும். பல ஆண்டுகளில் அது புதியவர் அறிமுக வாரத்தோடு மோதுகிறது. அந்த வாரம் எந்தெந்த நிகழ்ச்சி கட்டாயம் என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் டர்பனுக்குக் கிளம்பினால் பதிவு தவறிப்போகும், பிறகு அலைச்சல்.

அறைக்குள் பூஜை வைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல். கட்டிலுக்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு புகை உணரி இருக்கும். சூடம் ஒரு வில்லை, சாம்பிராணி ஒரு சிட்டிகை போதும், நள்ளிரவில் கட்டிடம் முழுக்க அலாரம் அலறி, முந்நூறு பேர் போர்வையோடு வாசலில் நிற்பார்கள். திறந்த சுடர் பெரும்பாலான விடுதிகளில் விதிமீறல், அபராதமும் உண்டு. காமாட்சி விளக்குக்குப் பதிலாக பேட்டரி விளக்கு, ஊதுபத்திக்குப் பதிலாகப் பூ. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற சாமானெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்: ஹாட் பிளேட், ரைஸ் குக்கர் பல இடங்களில் அறைக்குள் தடை. பொதுச் சமையலறை இருந்தால், பாத்திரத்தில் பெயர் எழுதி, சமைத்ததும் அறைக்கு எடுத்துப்போவதுதான் அவை காணாமல் போகாமலிருக்க வழி.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு இரண்டு. முதலாவது விடுமுறை. ஜூன், ஜூலையில் சாப்பாட்டுக் கூடம் மூடும், சில விடுதிகளே மூடும். தங்க வேண்டுமானால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். மக்காண்டாவுக்கு நேரடி விமானமில்லை. கெபேகாவில் (பழைய போர்ட் எலிசபெத்) இறங்கி சுமார் 130 கி.மீ. சாலை வழி. ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை வந்துபோகும் செலவை விடுதிக் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, மறு ஆண்டு அறை. ரெஸ் இடம் தானாகத் தொடராது. மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் பார்ப்பார்கள், இடம் போதாது. நவம்பர் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தபின் யோசித்தால், ஜனவரியில் தனியார் விடுதி தேடி அலைய வேண்டும். அப்படித் தேடும்போது அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். உயர்கல்வித் துறை 2015இல் வெளியிட்ட குறைந்தபட்ச விதிகளின்படி தனியறை 8 சதுர மீட்டர், இருவர் அறை 14 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, ஓர் அறையில் இருவருக்கு மேல் கூடாது. பல்கலைக்கழகம் அங்கீகரித்த இடமா என்பதை உரிமையாளரிடம் கேட்காதீர்கள், பல்கலைக்கழக அலுவலகத்திடம் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் விடுதிச் செலவையும் ஏற்கும், ஆனால் உச்சவரம்பு உண்டு. அங்கீகாரமில்லாத இடத்துக்கு அந்தப் பணம் போகாது. முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் ஏராளம்.

புதியவர்களைச் சீண்டும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஸ்டெல்லன்போஷின் வில்கென்ஹோஃப் 1903இல் தொடங்கிய ஆண்கள் விடுதி. 2024 ஜனவரியில் அங்கே பூட்டியிருந்த இரண்டு அறைகளிலிருந்து ரகசிய தண்டனைச் சடங்குகளோடு தொடர்புடைய பொருட்கள் வெளிவந்து, விடுதியை மூடச் சொல்லி விசாரணைக் குழுவே பரிந்துரைக்கும் அளவுக்குப் போயிற்று. நெருக்கமான கூட்டு வாழ்க்கைக்கு இப்படி ஒரு முகமும் உண்டு. 'இது எங்கள் பாரம்பரியம், வெளியே சொல்லாதே' என்று எந்த மூத்தவர் சொன்னாலும் அன்றைக்கே வார்டனிடம் சொல்ல வேண்டும் என்று மகளிடம் இப்போதே பேசி வையுங்கள்.

வெஸ்ட்வில்? அங்கே அவள் எடுக்கும் பாடம் நன்றாக இருந்து, வீட்டில் படிக்க அமைதியான மூலை ஒன்றும் இருந்தால், தாராளமாக வீட்டிலிருந்து போகலாம். இரண்டு விஷயம் மட்டும்: மாலை நான்கு மணிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், வாரத்தில் இரண்டு நாளாவது இருட்டும் வரை வளாகத்தில் இருக்கட்டும், நூலகம், சங்கம், விளையாட்டு எதுவானாலும் சரி, திரும்பும் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வீட்டு வேலையும் அவள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து படிக்கும் பெண் பிள்ளைகள் பின்தங்குவதற்கு தூரத்தைவிட அதுவே பெரிய காரணம்.

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகங்களுக்கு டர்பனிலுள்ள மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போடுவீர்கள். படிப்புக்கு விண்ணப்பித்தாலே விடுதிக்கும் விண்ணப்பித்ததாக நினைத்துவிடாதீர்கள், அதைத் தனியாகப் பாருங்கள். கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ் கெடு வழக்கமாக ஜூலை இறுதி. அந்தந்த ஆண்டுத் தேதியை அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள். விண்ணப்பம் போன கையோடு மூன்று விடுதி அலுவலகங்களுக்கும் ஒரே மின்னஞ்சல்: இரண்டாம் ஆண்டில் எத்தனை பேருக்கு அறை தருகிறீர்கள், எந்த அடிப்படையில், கட்டணத்தில் எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை வேளை, ஜூலையில் தங்க என்ன கட்டணம், வார்டன் வளாகத்தில் குடியிருக்கிறாரா. பதிலை அச்செடுத்து, முன்பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து வையுங்கள்.